சாமுராய் வீட்டுக்கு இரண்டு வாசல்

அத்தியாயம் பதினொன்று

ரயில் டோக்கியோவை விட்டுப் புறப்பட்டு இரண்டு மணி நேரமாகிவிட்டது. இரஞ்சிதம் இன்னும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் அவள் புருஷன் ஆனந்தராஜாவும், சம்பந்தியாக வரப்போகும் இரத்தினசிங்கமும் அருகருகே இருந்து, அவள் மெல்பேணில் கிரான்பர்ன் வீட்டில் பொரித்து ஜப்பான் வரை கொண்டுவந்த பருத்தித்துறை வடையை ஒரே பைக்குள் கைவிட்டு எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

பார்க்கிறவர்களுக்கு நல்ல காட்சிதான். அவளோ இரண்டு பேரின் வாயையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

போன மாதம் கிரான்பர்ன் வீட்டுக் குசினியில் நடந்ததை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். மகள் சந்திரகலா மூன்று வருடமாக டோக்கியோவில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். அங்கே கம்பனி வேலைக்கு வந்த சிறிதரனை விரும்பினாள். பிள்ளை அந்நியன் இல்லை, மெல்பேணில் கிளென் வேவர்லியில் வளர்ந்த தமிழ்ப் பெடியன்தான். தாய் இறந்துவிட்டாள். தகப்பன் இரத்தினசிங்கம் இளைப்பாறிய என்ஜினியர், மரியாதையான மனிதர். லீவில் மெல்பேணுக்கு வந்திருந்த சிறிதரன் ஒருநாள் தனியாக வந்து, அடுப்படியில் நின்றபடி சொன்னான்: "அன்ரி, நாங்களும் அங்கிளின்ர ஊர்தான். ஆனா ஊரில எந்தப் பக்கம் எண்டதை அங்கிளுக்கு முதல்லயே சொல்லிப்போட வேணும் எண்டு அப்பா சொன்னவர்."

எந்தப் பக்கம் என்பதை அவன் சொல்லத் தேவையில்லாமலே இரஞ்சிதத்துக்கு விளங்கிவிட்டது. கோயிலுக்குள் விடாத பக்கம்.

"நான் சொல்லுறன் தம்பி. நீங்கள் ஒருத்தரும் வாய் திறக்க வேண்டாம்" என்றாள்.

சொல்லவில்லை. ஒரு கிழமை கழித்து இரத்தினசிங்கத்துக்கு ரெலிபோன் எடுத்து, "இவருக்கு எல்லாம் சொல்லிப்போட்டன் அண்ணை, அவருக்கு ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள். அதே கையோடு, "ஆனா ஊர்க்கதை மட்டும் எடுக்காதேங்கோ. வீட்டை ஆமி பிடிச்ச நாளில இருந்து ஊர் எண்டாலே பிறஷர் ஏறுது" என்று ஒரு வேலியும் போட்டாள். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் புருஷனுக்குச் சொன்னது வேறு: "அவை திருகோணமலை ஆக்கள்."

திருகோணமலையை அவள் யோசித்துத்தான் தெரிந்தெடுத்தாள். ஆனந்தராஜா ஒரு தமிழனைப் புதிதாகச் சந்தித்தால் மூன்று கேள்வி கேட்பார். ஊரில எவ்விடம்? எந்தக் கோயிலடி? ஆரின்ர மகன்? மூன்றாவது கேள்விக்கு மறுமொழி வருவதற்குள் ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று முடிவாகிவிடும். மெல்பேணுக்கு வந்து இருபத்து மூன்று வருடமாகியும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. அவருக்குத் திருகோணமலையில் ஒரு குருவியைக் கூடத் தெரியாது. கேள்வி அங்கே முட்டிக்கொண்டு நின்றது.

ஜனவரியில் கலியாணம். மண்டபம் எடுத்தாயிற்று. தாலி ஏறிய பிறகு தெரிந்தால் தெரியட்டும் என்பது அவள் கணக்கு. அதுவரை இரண்டு ஆண்களையும் ஒருவர் வாயை ஒருவர் கிளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஜப்பான் பயணத்தை ஒழுங்கு செய்தவள் சந்திரகலா. "இரண்டு குடும்பமும் கொஞ்சம் பழகட்டும் அம்மா" என்றாள். பாவம், அவளுக்குத் தகப்பன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டார் என்ற நினைப்பு.

சிறிதரனுக்கு இன்று வேலை. மாலையில் டோக்கியோவில் சாப்பாட்டுக்கு வருவான். பகல் முழுக்க இவர்கள் நால்வரும்தான்.

"அண்ணை, இன்னொரு வடை?" என்று ஆனந்தராஜா பையை நீட்டினார்.

"காணும் ஐசே, பல்லுப் போயிடும்" என்று இரத்தினசிங்கம் சிரித்தார்.

தன்னைவிட ஒரு வயது கூடிய மனிதரை ஆனந்தராஜா இரண்டாவது சந்திப்பிலேயே அண்ணை என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். லேசில் யாரையும் அப்படிக் கூப்பிடுகிறவர் இல்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் இரஞ்சிதத்துக்கு ஒரு பக்கம் நிம்மதி, மறுபக்கம் நெஞ்சிடி.

*

காகுனோடாத்தே சின்ன ஊர். ஸ்டேஷனிலிருந்து கால்மணி நேரம் நடந்தால் சாமுராய்கள் குடியிருந்த தெரு வந்துவிடும். ஒக்ரோபர் கடைசி. மரங்களில் இலை பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அகலமான தெருவின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கறுத்த பலகை வேலி. வேலிக்கு மேலால் கூரைகள் மட்டும் தெரிந்தன.

தெருவுக்கு வருமுன் ஒரு வெறும் நிலத்தைக் கடந்தார்கள். சந்திரகலா அங்கே இருந்த பலகையை வாசித்துச் சொன்னாள். "இது நெருப்புப் பரவாமல் விட்ட இடமாம். இதுக்கு வடக்கால சாமுராய் ஆக்கள். தெற்கால வியாபாரம் செய்யிற ஆக்கள். கலந்து இருக்க ஏலாது."

"பாத்தியளோ?" என்றார் ஆனந்தராஜா. அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஊர் எண்டால் அப்படித்தான் பிரிச்சு வைக்க வேணும்."

"இஞ்சேரப்பா, உங்கட சூ லேஸ் அவிண்டு கிடக்கு" என்றாள் இரஞ்சிதம்.

லேஸ் அவிழவில்லை. அவர் குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் அவள் எல்லாரையும் மரத்தடியில் நிறுத்திப் படம் எடுக்கத் தொடங்கிவிட்டாள். இப்படி வடையையும் கமராவையும் வைத்துக்கொண்டு ஒரு மாதத்தை ஓட்டிவிட்டவள் அவள்.

தெருவில் நடக்கும்போது இரத்தினசிங்கம் வேலியோரமாகவே நடந்தார். ஓரிடத்தில் நின்று பலகையைத் தடவிப் பார்த்தார். மூலையில் பலகை திரும்பும் இடத்தில் கண்ணை ஒட்ட வைத்து ஆராய்ந்தார்.

"நல்ல வேலை" என்றார். "ஒரு இடத்திலயும் பிசகேல்லை. அடிச்சவன் கெட்டிக்காரன்."

"என்ஜினியரின்ர கண்" என்று ஆனந்தராஜா பாராட்டினார்.

இரஞ்சிதம் வேறு பக்கம் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கண் எங்கேயிருந்து வந்தது என்று தெரியும். எழுபத்தெட்டில் கலியாணம் முடித்து ஊரில் புருஷன் வீட்டுக்குப் போன முதல் ஆடியிலேயே வேலி அடைக்க ஒரு வயதான மனிதர் வந்தார். இதே நெற்றி, இதே மாதிரி வேலை முடிந்ததும் கையால் ஒருமுறை தடவிப் பார்க்கும் பழக்கம். அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது. மாமி சொல்லிக் கொடுத்தபடி, தாழ்வாரத்தில் செருகியிருந்த தனித் தகரப் பேணியை எடுத்து, தேத்தண்ணியை ஊற்றி, நிலத்தில் வைத்துவிட்டு இரண்டடி பின்னுக்கு நின்று, "பொன்னன், எடுத்துக் குடி" என்றாள். தகப்பன் வயதுக்காரரைக் குடி என்று சொன்னோமே என்று அன்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கிரான்பர்ன் வீட்டு வாசலில் இரத்தினசிங்கம் முதல்தரம் வந்து நின்று சப்பாத்தைக் கழற்றியபோதுதான் தோன்றியது. அன்று வீட்டிலிருந்த நல்ல கோப்பையைத் தேடி எடுத்துக் கோப்பியை ஊற்றி அவர் கையிலேயே கொடுத்தாள்.

அதை அவள் சந்திரகலாவுக்குக் கூடச் சொல்லவில்லை.

*

அவர்கள் நுழைந்த வீட்டின் பின்பகுதியில் அந்தக் குடும்பம் இன்னும் குடியிருக்கிறதாம். முன்பகுதி மட்டும் பார்க்க விடுகிறார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்டவர், வந்து குனிந்து வரவேற்றார். அந்த வீட்டு மருமகளாம்.

"எத்தினை வருசமாம்?" என்று கேட்டார் ஆனந்தராஜா.

"இருநூறு வருசத்துக்கு மேல" என்றாள் சந்திரகலா.

"இருநூறு வருசம். ஒருத்தன் கை வைக்கேல்லை. என்ர வீட்டைப் பதினேழு வருசமா ஆமிக்காரன் வைச்சிருக்கிறான். கூரை இருக்கோ இல்லையோ தெரியாது." அவர் குரல் கம்மியது. அந்தக் கணம் இரஞ்சிதத்துக்கு அவர்மேல் உண்மையாகவே பரிதாபம் வந்தது. இரத்தினசிங்கமும் அவருடைய தோளில் கை வைத்தார்.

வீட்டுக்கு முன்னால் இரண்டு வாசல் இருந்தது. ஒன்று அகலமானது, மேலே தனிக் கூரையும் அலங்காரமுமாக நின்றது. சற்றுத் தள்ளி மற்றது, சாதாரணக் கதவு. அந்தப் பெண் கையை நீட்டி நீட்டி எதையோ விளக்கினார். சந்திரகலா தமிழில் சொன்னாள். பிள்ளைக்கு அந்தத் தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறித்தான் வரும்.

"இந்தப் பெரிய வாசல் எல்லாருக்கும் இல்லையாம். இவையளுக்குச் சமமான ஆக்கள், இல்லாட்டி மேல உள்ள ஆக்கள் வந்தாத்தான் இதால வரலாம். மற்ற ஆக்கள் எல்லாம் அந்தச் சின்ன வாசலால."

இரஞ்சிதம் கமராவைத் தேடிப் பைக்குள் கையை விட்டாள். பிந்திவிட்டது.

"அண்ணை, கேட்டியளோ இதை!" ஆனந்தராஜா இரத்தினசிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். "அச்சொட்டா எங்கட வீடுதான். முன்படலையால ஆர் வாறது, மேற்குப் படலையால ஆர் வாறது எண்டு ஒரு ஒழுங்கு இருந்தது. ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறேல்லை. அவையவைக்குத் தெரியும். ஒரு சண்டை இருந்ததே? ஒரு சச்சரவு இருந்ததே? இப்ப என்னடா எண்டால் இந்தச் சின்னதுகள் எங்களைக் காட்டுமிராண்டி எண்டுதுகள். ஜப்பான்காரன் அதையே ரிக்கெற் அடிச்சு விக்கிறான்."

"என்னப்பா, அந்தம்மா ஏதோ சொல்லுறா, கேளுங்கோவன்" என்றாள் இரஞ்சிதம்.

"கேட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

இரத்தினசிங்கம் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "மிஸ்டர் ஆனந்தராஜா, இதை என்னை வைச்சுக்கொண்டு சொல்ல வேணும் எண்டே சொல்லுறியளோ?" என்று கேட்டார்.

"ஏன் அண்ணை? பிழையா என்ன சொன்னனான்?"

"பிழை ஒண்டும் இல்லை. நீங்கள் சொல்லுறது சரி. மேற்குப் படலை இடுப்பளவுதான். நிமிர்ந்து வர ஏலாது. உள்ளுக்க வந்தாக் கிணத்தடி மட்டும் போகலாம், அதுக்கு அங்கால போகக் கூடாது. கிணத்தடிக்குப் பக்கத்தில ஒரு மாதுளை நிண்டது. நான் என்ர ஐயாவோட வந்தா அதுக்குக் கீழதான் நிப்பன். ஏழு வயசு எனக்கு."

ஆனந்தராஜா சிரித்த முகத்தோடுதான் நின்றார். சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் ஓடத் தொடங்கியது.

"அது எங்கட வளவு... உங்களுக்கு எப்படி? நீங்கள் திருகோணமலை எல்லோ?"

"நானோ? ஆர் சொன்னது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இரஞ்சிதத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் பைக்குள்ளிருந்து கமராவை எடுத்தாள். பிறகு அதை என்ன செய்வது என்று தெரியாமல் திரும்ப உள்ளே வைத்தாள்.

"என்ர தகப்பன்ர பேர் பொன்னுத்துரை" என்றார் இரத்தினசிங்கம் ஆனந்தராஜாவிடம். "உங்கட வீட்டில பொன்னன். வருசா வருசம் மேற்கு வேலியை அடைச்சது அவர்தான். இவ்வளவும் உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்குச் சொன்னவை. தெரிஞ்சும் சம்மதிச்ச மனுசன் எண்டுதான் நான் இஞ்ச வந்தனான்."

சந்திரகலா மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா?" என்றாள்.

வீட்டுக்காரப் பெண்ணுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது. அவர் இன்னும் அதிகமாகக் குனிந்து, எல்லாரையும் சின்ன வாசலால் உள்ளே வரும்படி கையைக் காட்டினார். பார்வையாளர்களுக்கு அதுதான் வழி.

*

உள்ளே போனால் பாதியில் திரும்ப முடியாது. ஒரு அறைக்குப் பின் ஒரு அறையாகப் பார்த்துச் சுற்றித்தான் திரும்ப வாசலுக்கு வரலாம். அன்றைக்கென்று அந்த வீட்டுக்கு வேறு ஒருவரும் வரவுமில்லை. நால்வரும் வெறுங்காலோடு அந்தப் பெண்ணின் பின்னால் நடந்தார்கள்.

இது கவச உடை. இது வாள் வைக்கும் தட்டு. இது மரத்தில் செதுக்கிய ஆமை, விளக்கு வெளிச்சத்தில் அதன் நிழல் சுவரில் நீந்துமாம். அந்தப் பெண் விளக்கைப் பிடித்துக் காட்டினார். சந்திரகலா மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டாள். ஆனந்தராஜா ஜப்பானிய எழுத்தில் மட்டும் எழுதியிருந்த ஒரு பலகையை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். இரத்தினசிங்கம் ஒவ்வொரு அறையிலும் அந்தப் பெண்ணுக்குத் தலைகுனிந்து நன்றி சொன்னார். மரியாதை கெடாமல் நடந்துகொண்டது அவர் ஒருவர்தான்.

இரஞ்சிதத்துக்கு எதுவும் கண்ணில் படவில்லை. இரத்தினசிங்கம் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நல்லது என்று நினைத்தாள். கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்த அவளுக்குத் தெரியும்.

வெளியே வந்ததும் ஆனந்தராஜா சப்பாத்துக்குள் காலை நுழைத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடக்கத் தொடங்கினார். இரத்தினசிங்கம் படியில் உட்கார்ந்து நிதானமாகச் சப்பாத்தைப் போட்டார். இரஞ்சிதம் அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணை, நான் நல்லதுக்குத்தான்..."

"அது எனக்கு விளங்குது தங்கச்சி."

"அவருக்குச் சொன்னாக் குழப்புவார் எண்டுதான். பிள்ளையளின்ர வாழ்க்கை."

"அதுவும் விளங்குது. அவர் சொன்னது நோகேல்லை எண்டு சொல்ல மாட்டன். ஆனா அவர் ஆளைத் தெரியாமச் சொன்னவர். அப்பிடிச் சொல்லுற ஆக்களை நான் நிறையக் கண்டிட்டன்." சப்பாத்துக் கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்தார். "அவர் என்னை அண்ணை எண்டு கூப்பிட்ட அண்டைக்கு நான் வீட்டை போய் என்ன செய்தனான் தெரியுமோ? என்ர மனுசியின்ர படத்துக்கு முன்னால நிண்டு சொன்னனான். இஞ்சேரப்பா, எல்லாம் தெரிஞ்சும் அந்த மனுசன் என்னை அண்ணை எண்டு கூப்பிடுறார், காலம் மாறிப்போச்சு எண்டு. எனக்கு அழுகையும் வந்தது. அறுபத்தொரு வயசில."

இரஞ்சிதம் படியில் அவருக்குப் பக்கத்தில் உட்காரப் போனாள். அவர் எழும்பிவிட்டார்.

"அவர் அண்ணை எண்டது திருகோணமலைக்காரனை. என்னை இல்லை. அந்த ஆளை உண்டாக்கினது நீங்கள். என்னை அப்பிடியே கொண்டுபோய் அவருக்கு முன்னால நிப்பாட்ட உங்களுக்கும் வெக்கமா இருந்திருக்கு."

"ஐயோ, வெக்கம் இல்லை அண்ணை! பயம்."

"ஆருக்குப் பயம்? அவருக்கோ?"

அவள் தன் கையைப் பார்த்தாள். தேத்தண்ணிப் பேணியை நிலத்தில் வைத்த கை அவளுடையது. இவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, இவர் அப்போது ஊரில் இல்லை. ஆனாலும் தெரிந்துதான் பேசுகிறார் போல் அவளுக்குப் பட்டது.

"நான் முதல் ரயில்ல போறன்" என்றார் இரத்தினசிங்கம். "என்ர மகன்ர கலியாணத்தை நான் மறிக்க மாட்டன். அது அவன்ர விருப்பம். ஆனா உங்கட வீட்டு வாசலுக்கு நான் இனி வர மாட்டன், எந்த வாசலாலயும்."

சந்திரகலா அதுவரை தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கிட்ட வந்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், ஒருமுறையாவது அப்பாவிடம் கேட்டீர்களா என்று.

"கேட்டா என்ன சொல்லுவார் எண்டு எனக்குத் தெரியும் பிள்ளை."

"எனக்குத் தெரியாதே!" இது தமிழில் வந்தது. "எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். அப்பா இல்லை எண்டு சொன்னா நான் அப்பாவோட சண்டை பிடிச்சிருப்பன். அது என்ர சண்டை. நீங்கள் எனக்கு அதைத் தரேல்லை."

அவள் கைப்பையைத் திறந்து இரண்டு ரிக்கெற்றை எடுத்துத் தாயின் கையில் வைத்தாள். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு ரயில் என்றாள், டோக்கியோ வரை மாற வேண்டியதில்லை என்றாள். பிறகு இரத்தினசிங்கத்தின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு அவரோடு நடந்தாள். அவர் வேண்டாம் பிள்ளை, நீ நில்லு என்றது இரஞ்சிதத்துக்குக் கேட்டது. பிள்ளை நிற்கவில்லை.

*

ஸ்டேஷனில் ஆனந்தராஜா ஒரு மர வாங்கின் மூலையில் உட்கார்ந்திருந்தார். முந்திய ரயில் போய் ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. மகள் அதில் ஏறிப் போனதை அவர் பார்த்திருக்க வேண்டும். பார்த்தும் எழும்பவில்லை.

தெருவையே சுற்றி நடந்துவிட்டுப் பிந்தி வந்த இரஞ்சிதம் மற்ற மூலையில் உட்கார்ந்தாள். நடுவில் வடைப் பை இருந்தது.

அவர் அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார். "பொன்னன்ர மகன் ஒருத்தன் மிசன் பள்ளிக்கூடத்தில இருந்து படிச்சவன் எண்டு கேள்வி. அவரோ இவர்?"

"ஓம்."

"எப்ப தொட்டு உனக்குத் தெரியும்?"

"அவர் முதல்தரம் வந்த அண்டைக்கே."

"ஒரு மாதம்" என்றார். "ஒரு மாதம் என்னை விசரனாக்கி வைச்சிருந்திருக்கிறாய். அந்த மனுசனுக்கு முன்னால நான் படலைக் கதை கதைச்சுக்கொண்டு நிண்டிருக்கிறன். தெரிஞ்சிருந்தா நான் அப்பிடி வாய் விட்டிருப்பனோ? எனக்கு மட்டு மரியாதை தெரியாதோ?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. இருபத்தொன்பது வருடத்தில் இரண்டு தடவைதான் அவள் அதைப் பார்த்திருக்கிறாள். சட்டென்று அவளுக்குள் ஒரு நப்பாசை எழுந்தது. நான்தான் இந்த மனுசனைப் பிழையாகக் கணித்துவிட்டேனோ?

"எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றார் அவர். "நான் என்ன சொல்லுவன் எண்டு நீயே முடிவெடுத்திட்டாய்."

"அப்ப இப்ப சொல்லுங்கோ. சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பியள்?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். மறுமொழி வருமுன் அவள் பைக்குள் ரெலிபோன் அடித்தது. சந்திரகலா வாடகைக்கு எடுத்துக் கொடுத்த சின்னப் போன். சிறிதரன்.

"அன்ரி! சாமுராய் வீடெல்லாம் பாத்தாச்சோ? ஏழு மணிக்கு மேசை சொல்லியிருக்கிறன், அஞ்சு பேருக்கு. சந்திரா போனை எடுக்கிறா இல்லை. அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?"

அவள் புருஷனைப் பார்த்தாள். ஆனந்தராஜா கையை நீட்டிப் போனை வாங்கினார்.

"தம்பி, அங்கிள் கதைக்கிறன். எல்லாம் நல்ல வடிவாப் பாத்தம். அப்பாவுக்குக் கொஞ்சம் களைப்பு, பிள்ளை முதல் ரயில்ல கூட்டிக்கொண்டு வாறா. ஓம், ஓம். ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

என்ன தேன் போன்ற குரல்! இரஞ்சிதத்தின் நப்பாசை இன்னும் ஒரு முழம் வளர்ந்தது. அவர் போனை அணைத்து அவளிடம் திருப்பித் தந்தார்.

"நல்ல பெடியன்" என்றார். "நல்ல குடும்பம். நான் அவையைக் குறை சொல்ல மாட்டன். ஆனா இது சரிவராது. சிட்னியில அண்ணா இருக்கிறார், கனடாவில சனம் இருக்கு. நான் ஒருத்தருக்கும் முகம் குடுக்க ஏலாது. இதைத்தான் அண்டைக்கும் சொல்லியிருப்பன்."

அவள் போனைப் பைக்குள் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"ஒருத்தரையும் நோகடிக்க வேண்டாம். சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லு. செவ்வாய் எண்டு சொல்லு. கௌரவமா முடிச்சுப்போடலாம். அவைக்கும் அது நல்லது. நீ தொடங்கினதுதானே, நீயே சொல்லி முடி."

ஆக, அவள் கணித்ததில் ஒரு எழுத்துப் பிழையில்லை. ஒரு மாதம் பயந்தது வீணுமில்லை. அதை நினைத்து ஆறுதல் கொள்ள முடியுமா என்று பார்த்தாள். முடியவில்லை. மகள் போய்விட்டாள், அந்த நல்ல மனுசன் போய்விட்டார், இனி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய இவர் அவள் கையில் இன்னொரு பொய்யைத் தருகிறார். செவ்வாயாம். சாதகமே இன்னும் பார்க்கவில்லை.

அவள் எழும்பிப் பத்தடி தள்ளிப் போய் நின்று சிறிதரனின் இலக்கத்தை அழுத்தினாள்.

"சொல்லுங்கோ அன்ரி."

"தம்பி, அங்கிள் இப்ப சொன்னதொண்டும் உண்மை இல்லை. நானும் உங்களுக்கு உண்மை சொல்லேல்லை. நீங்கள் குசினியில வந்து சொன்னதை நான் அவருக்குச் சொல்லேல்லை. இண்டைக்குத்தான் அவருக்குத் தெரிய வந்தது, அதுவும் அப்பாவின்ர வாயால. அப்பா மனம் உடைஞ்சு போறார், இனி எங்கட வாசலுக்கு வர மாட்டாராம். அங்கிள் இந்தக் கலியாணம் வேண்டாம் எண்டு சொல்லுறார். சாதகம் எண்டு சொல்லச் சொன்னவர். சாதகம் இல்லை தம்பி. எது எண்டு உங்களுக்குத் தெரியும்."

பின்னால் ஆனந்தராஜா, "இரஞ்சி!" என்று எழும்பினார்.

அவள் போனைக் காதில் இன்னும் இறுக்கினாள். மறுபக்கம் யாரோ ஜப்பானிய மொழியில் பேசுவதும், கதவு மூடுவதும் கேட்டது. தனியாக ஓரிடத்துக்குப் போயிருக்கிறான் போலும்.

"சரி அன்ரி" என்றான் கடைசியில். அவன் குரலில் கோபம் இல்லை, அதுதான் அவளை வாட்டியது. "அங்கிள் வேண்டாம் எண்டுறார். அப்பா வர மாட்டார். நான் சந்திராவைக் கட்டத்தான் போறன், அதில மாற்றம் இல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். அண்டைக்குக் குசினியில நான் சொன்ன உடன, அங்கிளுக்குச் சொல்லுறன் எண்டுதான் சொன்னனீங்கள். வேற ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள் என்ன சொல்லுறீங்கள் அன்ரி? உங்களுக்கு நான் சம்மதமோ?"

ரயில் வந்து நின்றது. கதவு திறந்தது. ஆனந்தராஜா ரிக்கெற்றைப் பார்த்துப் பெட்டியைக் கண்டுபிடித்து, ஒரு காலை உள்ளே வைத்துக்கொண்டு, "ஏறப்பா, கதவைச் சாத்தப்போறான்" என்று கத்தினார்.

இரஞ்சிதம் போனைக் காதில் வைத்தபடி மேடையில் நின்றாள். ஓம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.